பட்டறைத் திண்ணை: புஷ் போனால் வண்டியே போனதா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, "வேகத்தடையில் பின்பக்கம் டொக் என்று கேட்டால் முதலில் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். புஷ் என்பது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் போன்றவை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் துண்டு. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை இழுப்பறையை மூட முடியவில்லை. மண்டபம் முதல் தொண்டி வரை இத்தனை பழைய கார்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஆகவே இந்த இதழ் முழுக்கப் புஷ் புராணம்தான். மைலேஜ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் தகப்பனார் வாங்கிய 1986 மாடல் பிரீமியர் பத்மினி என்னிடம் இருக்கிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்பக்கம் இடது புறம் டொக், டொக் என்று அடிக்கிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங்கை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் ஓரளவு ஸ்பானர்கள் இருக்கின்றன. விடுமுறைக்கு வந்திருக்கும் மகனும் இருக்கிறான். புஷ்ஷை மட்டும் நாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா? எங்கள் முற்றம் மணல் தரை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், உச்சிப்புளி

பதில்: மணல் தரை என்று கடைசியில் சேர்த்தீர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களுக்கு முதல் இடம், ஐயா. பலர் இதைச் சொல்வதில்லை. ஜாக்கி சாய்ந்த பிறகுதான் சொல்வார்கள்.

முதலில் நோயை உறுதி செய்துகொள்வோம். டிக்கியைக் காலி செய்யுங்கள். சிரிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் வேறு எங்கோ புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லை என்று வந்தார். ஸ்டெப்னிக்குக் கீழே ஜாக்கிக் கம்பி கிடந்து உருண்டுகொண்டிருந்தது. டிக்கி காலியான பிறகும் சத்தம் இருந்தால், மகனைப் பின் பம்பருக்கு மேலே கையூன்றி அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து லீஃப் ஸ்பிரிங்கின், அதாவது பின் ஆக்சிலைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கின், முனைக்கு அருகே உள்ளங்கையை வையுங்கள். இரண்டு இரும்புக்கு நடுவே விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள். புஷ் தேய்ந்திருந்தால் அந்த அடி காதுக்கு வருவதற்கு முன் கையில் தெரியும். ஷாக் அப்சார்பரின் கண்ணில், அதாவது போல்ட் நுழையும் முனை வளையத்தில், இருக்கும் ரப்பரையும் இதே போலத் தொட்டுப் பாருங்கள். மிகவும் மலிவான சாமான் அதுதான், முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான்.

ஸ்பிரிங் பிளேட் எதுவும் உடையாமல், வண்டி ஒரு பக்கமாகத் தாழாமல் இருந்தால், ஸ்பிரிங்கை முழுதாக மாற்ற ஒரு காரணமும் இல்லை. செருப்பின் வார் அறுந்தால் காலை மாற்றுவார்களா?

இனி வேலை. முந்தின நாள் மாலையே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை. நம் கடற்கரைக் காற்றில் 10 ஆண்டுகள் நின்ற நட்டுக்கு ஓர் இரவு அவகாசம் கொடுப்பது நியாயம்தான். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு நீங்கள் பலம் கொடுத்தால் வண்டி ஆடும்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஜாக்கிக்கு அடியில் இரண்டடிச் சதுரத்துக்குக் குறையாத கனமான பலகை போடுங்கள். கரையில் உடைந்து கிடக்கும் வள்ளத்துப் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் கூடவே கூடாது, எச்சரிக்கை ஒன்றும் தராமல் நொறுங்கிவிடும். வண்டியின் உடலை, ஸ்பிரிங்கின் முன் முனை மாட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள உறுதியான சட்டத்தில், இரண்டு ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். ஸ்டாண்டுகளுக்கும் பலகை வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவருக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஜாக்கியை இப்போது பின் ஆக்சிலுக்கு அடியில் கொண்டுபோய், மெல்ல மெல்ல இறக்குங்கள். ஸ்பிரிங்கில் இழுப்பு இல்லாமல் தளர்கிற ஓர் இடம் வரும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால், உடலிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இழுபடும். மகனுக்கு ஒரே வேலை: அந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

பின்முனையில் ஸ்பிரிங்கை வண்டியின் உடலோடு கோக்கும் ஷாக்கிள் தட்டைக் கழற்றினால் பழைய ரப்பர் பெரும்பாலும் தானே வந்துவிடும். முன்முனைதான் வம்பு பிடித்தது. அங்கே இருப்பதை நம் பட்டறைகளில் சைலன்ட் பிளாக் என்போம். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் ரப்பர். உள் குழாயும் போல்ட்டும் உப்பில் ஒட்டிப்போய் ஒரே இரும்பாகியிருக்கும். சம்மட்டியால் அடித்தால் மறை கெடும், போல்ட் வராது. ஸ்பிரிங் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு அறுத்துவிடுவதே நல்லது. எப்படியும் புது போல்ட்தான் போடப்போகிறீர்கள்.

புஷ்ஷைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்க மெஷின் தேவையில்லை. நீளமான கனத்த போல்ட் ஒன்று, கனத்த வாஷர்கள், புஷ் உள்ளே நுழையும் அளவுக்கு வாயகலமுள்ள ஒரு துண்டு இரும்புக் குழாய், இவை போதும். ஒரு பக்கம் குழாயை வைத்து, மறுபக்கம் புஷ்ஷின் வெளிக்குழாய் அளவுக்கு வாஷர் வைத்து, போல்ட்டை நடுவில் விட்டு நட்டை முறுக்குங்கள். கிரீச்சென்று ஒரு சத்தம், பழுப்பு நிறத்தில் துருப்பொடி உதிரும், புஷ் அரைக்கால் அங்குலம் நகரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஒரு டீ குடிக்கலாம், மீதி வந்துவிடும். வராவிட்டால் ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, வெளிக்குழாயை உள்ளிருந்து ஆக்சா பிளேடால் கீறி மடக்குங்கள். மெயின் பிளேட்டின் கண்ணில் பிளேடு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கீறல் நாளைக்கு விரிசலாகி, ஸ்பிரிங் அங்கேதான் உடையும். ரப்பரை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தக் கரும்புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்.

கண்ணை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி, அதே போல்ட்டையும் வாஷரையும் வைத்துப் புதியதை நேராக உள்ளே இழுங்கள். கோணலாக நுழைந்தால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் எப்போதும் வெளிக்குழாயின் விளிம்பில் உட்காரட்டும். ரப்பரின் மேல் அழுத்தம் விழக் கூடாது.

இப்போதுதான் முக்கியமான இடம். எல்லாவற்றையும் மாட்டி, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, முறுக்காமல் நிறுத்துங்கள்.

நான் வேலை பழகிய காலத்தில் கீழக்கரை வியாபாரி ஒருவரின் காருக்குப் பின் புஷ் நான்கும் மாற்றினேன். வண்டி ஸ்டாண்டில், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, எல்லா நட்டையும் இரண்டு கைப் பலம் கொண்டு முறுக்கினேன். என் மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. மூன்றாவது மாதம் அதே வண்டி அதே சத்தத்தோடு வந்து நின்றது. கழற்றிப் பார்த்தால் புத்தம் புது ரப்பர், பிழிந்த துணி போலக் கிழிந்திருந்தது. சாமான் மோசம் என்று நான் ஆரம்பித்தேன். மேஸ்திரி என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தோள் பக்கமாகத் திருப்பினார். "இப்படியே ராத்திரி முழுக்கத் தூங்குடா, காலையில் கழுத்து எப்படி இருக்கிறது என்று சொல்லு" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். இந்தப் புஷ் பேரிங் போலச் சுழல்வதில்லை. போல்ட்டை முறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், வெளிக்குழாய் ஸ்பிரிங்கோடு இறுகியிருக்கிறது. ஸ்பிரிங் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகி முறுகி விரிகிறது. எந்த நிலையில் முறுக்குகிறீர்களோ, அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். அதற்கு மேல் பள்ளம் வேறு. கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே வண்டியை இறக்குங்கள். நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஒரே உயரத்துக்குக் கனமான பலகைகளை அடுக்கி அதன் மேல் நிற்க வைத்தால், கீழே கை நுழைய இடம் கிடைக்கும். பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். பலகை மேலேயே ஒரு சாண் முன்னும் பின்னும் தள்ளுங்கள். சக்கரங்கள் தம் இடத்தில் அமர்ந்துவிடும். மறுபடி முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, இப்போது முறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். இடது பக்கம்தான் சத்தம் என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். வேலையை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கச்சான் காற்று மணலை வாரி நீங்கள் கிரீஸ் தடவிய போல்ட்டில்தான் கொட்டும்.

கேள்வி: அண்ணன், துபாயிலிருந்து மச்சான் சிவப்பு நிறத்தில் பாலியூரித்தேன் புஷ் வாங்கி அனுப்பியிருக்கிறார். ரப்பரைவிடப் பல மடங்கு உழைக்கும் என்கிறார். என் அம்பாசடருக்குப் போடலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: மச்சான் ஆசையாக அனுப்பியதை வேண்டாம் என்று சொல்ல வைக்கிறீர்களே, தம்பி. அளவு சரியாக இருந்தால் போடலாம், குற்றமில்லை. பந்தய வண்டிக்காரர்கள் விரும்பிப் போடுவதற்குக் காரணம் உண்டு. அது ரப்பரைவிட விறைப்பானது, வளைவில் வண்டி ஒழுங்காகத் திரும்பும். எண்ணெய் பட்டாலும் ரப்பர் போல ஊதாது.

ஆனால் மேலே ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள். ரப்பர் முறுகுகிறது. பாலியூரித்தேன் முறுகுவதில்லை, உள் குழாயின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. வழுக்க வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். கிரீஸ் இருக்கும் இடத்தில் நம் ஊர் மணல் வந்து ஒட்டும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கும் பசைதான். பிறகு கதவுக் கீல் போலக் கிரீச், கிரீச். தளர்த்தி, துடைத்து, மறுபடி கிரீஸ். ரப்பரில் உரசும் இடமே இல்லை, மணலுக்கு அங்கே வேலையும் இல்லை. தவிரவும், உங்கள் அம்பாசடரின் அழகே சோபாவில் உட்கார்ந்து போவது போன்ற அந்த மிதப்புதான். விறைத்த புஷ் போட்டு அதைக் கெடுப்பானேன்? என் ஓட்டு ரப்பருக்கு. சிவப்புப் புஷ்ஷை ஷாக் அப்சார்பர் கண்ணில் வேண்டுமானால் போட்டு மச்சானுக்குப் படம் அனுப்புங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மாதம் ஒரு முறை பழைய என்ஜின் ஆயிலை வண்டிக்கு அடியில் உள்ள ரப்பர் எல்லாவற்றிலும் பூசுகிறார். ரப்பர் காயாமல் இருக்குமாம். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. துணி துவைப்பது நான்.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்களுக்குப் படுவதுதான் சரி, தங்கச்சி. பழைய புஷ்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வந்த எதுவும் அதற்கு விஷம். என்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், எல்லாமே அதில் ஊறி, ஊத வைத்து, வெண்ணெய் போலக் குழைத்துவிடும். நம்பாவிட்டால் கழற்றிய பழைய புஷ் ஒன்றை என்ஜின் ஆயில் நிரப்பிய டப்பாவில் ஒரு வாரம் போட்டு வைத்து, எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏதாவது பூசியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் விளக்கெண்ணெயைக் கொடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இயற்கை ரப்பர் வாஷர் போட்ட பிரேக்குகளுக்கு விளக்கெண்ணெய் கலந்த திரவத்தைத்தான் ஊற்றினார்கள், ரப்பரை அது ஊத வைக்காது என்பதால். புஷ் மாட்டும்போது நானும் சில சமயம் ஒரு சொட்டு தொடுவேன். மாட்டிய பிறகு எதுவும் தேவையில்லை.

கேள்வி: ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் பயணிகளை அம்பாசடரில் கூட்டிப் போகிறேன். புஷ் போட்டால் ஒரு வருடம்கூட வருவதில்லை. கடல் உப்பு ரப்பரைத் தின்றுவிடுகிறதா?
— ஓட்டுநர், ராமேசுவரம்

பதில்: ரப்பரை உப்பு ஒன்றும் செய்யாது. அது தின்பது ரப்பரைச் சுற்றியுள்ள இரும்பை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன பிறகு அந்தப் பக்கம் வேனும் ஜீப்பும் மணலில் புதைந்து புதைந்துதான் போயின. 2017இல் தார்ச்சாலை திறந்தபின் உங்களைப் போன்றவர்கள் காரிலேயே முனை வரை போகிறீர்கள். இரண்டு பக்கமும் கடல். அந்தச் சாரல் ஸ்பிரிங் பிளேட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. வண்டி கொட்டகையில் தூங்கும்போதும் அடியில் ஈரம் காயாது. கண்ணுக்கும் புஷ்ஷின் வெளிக்குழாய்க்கும் நடுவில் துரு வீங்கும், குழாய் பிதுங்கும், ரப்பர் நசுங்கும்.

சவாரி முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுவதும் அடித்துக் கழுவுங்கள். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடியை மறப்பதுதான் எல்லோரும் செய்வது. அடுத்த முறை புஷ் மாட்டும்போது போல்ட்டின் தண்டில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள், ரப்பரில் படாமல். அதற்கு அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

அதற்கும் மேலே ஒரு சந்தேகம் எனக்கு. ஒரு வருடம்கூட வராமல் போகிறது என்றால், உங்களுக்குப் புஷ் போடுகிறவர் சக்கரம் தொங்கும்போதே முறுக்குகிறாரா என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: நான் விசைப்படகு என்ஜின் வேலை பார்ப்பவன். படகின் பின்புறம் சாப்டைத் தாங்கும், ரப்பர் பதித்த ஸ்டெர்ன் புஷ் ஒன்று கடல் தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. கார் புஷ்ஷை மட்டும் ஏன் இப்படித் தாங்குகிறீர்கள்? லாரி டயரை வெட்டி லேத்தில் கடைந்து போட்டால் போதாதா?
— தொழில் தோழர், பாம்பன்

பதில்: உங்கள் புஷ்ஷில் நீளவாக்கில் காடி வெட்டியிருக்கும். அதில் கடல் தண்ணீர் ஓடி, சாப்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் படலமாக நிற்கும். அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அதன் வேலை வழுக்குவது. என் புஷ்ஷின் வேலை வழுக்காமல் இருப்பது. பெயர்தான் ஒன்று, பிறவி வேறு. டயரில் நூலும் கம்பியும் ஊடே ஓடும், லேத்தில் கடைந்தால் பிரிபிரியாக நிற்கும். இரும்புக் குழாயோடு ஒட்டவும் ஒட்டாது. ஷாக்கிளில் அவசரத்துக்குப் போட்டு ஊர் வந்து சேரலாம், நானே போட்டிருக்கிறேன். சைலன்ட் பிளாக்கின் இடத்தில் அது நிற்காது. ஆனால் உங்கள் ஊர் லேத் பட்டறைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிதுங்கிய புஷ்ஷை அழுத்தி எடுக்கும் பிரஸ் அங்கே இருந்தால், ஆசிரியரின் போல்ட்டும் குழாயும் எதற்கு?

கேள்வி: பத்மினியின் முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷை வீட்டில் மாற்றுவதைக் கைபேசியில் காணொளியாகப் பார்த்தேன். எளிதாகத் தெரிகிறது. செய்யட்டுமா?
— கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: வேண்டாம். முன்பக்கம் இருப்பது காயில் ஸ்பிரிங். காரின் பாரத்தைத் தாங்கி அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் ஆர்மைக் கழற்றினால், ஸ்பிரிங் எந்தத் திசையில் பாயும் என்று காணொளியில் காட்டியிருக்கமாட்டார்கள். பின்பக்கம் நான்கு புஷ்ஷும் போட்டுப் பழகிய பிறகு, கருவியும் கூட நிற்க ஒரு மேஸ்திரியும் கிடைத்தால் எழுதுங்கள். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் இரண்டையும் இன்றைக்கே மாற்றலாம். அதில் ஆபத்தில்லை, ஆசையும் தீரும்.

கேள்வி: பத்மினிக்குச் சாமான் இன்னும் கிடைக்கிறதா? கடையில் கொடுக்கும் புஷ் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: பத்மினி நின்றது 2001இல், அம்பாசடர் நின்றது 2014இல். பம்பாயில் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் ஓடியவரை சாமானுக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபரோடு அவையும் சாலையை விட்டுப் போயின. ஆனாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நடையாக நடந்தால் கிடைக்கும். கழற்றிய பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கியவர்கள் இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறார்கள்.

அட்டைப் பெட்டி பழையதாக இருந்தால் மயங்காதீர்கள். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகும். நகத்தை அழுத்தி எடுங்கள். தடம் உடனே மறைய வேண்டும். நகமே இறங்காவிட்டால் அது கல். இறங்கிய தடம் அப்படியே நின்றால் அது களிமண். ஷாக்கிள் ரப்பராக இருந்தால் இரண்டு விரலால் வளைத்து, வளைந்த முதுகை வெளிச்சத்தில் பாருங்கள். வெடித்த கண்மாய் போல நுண்ணிய கோடுகள் தெரிந்தால், கடைக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் அதே பெட்டியில் வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார், அது வேறு கதை.

கேள்வி: மாற்றிய பழைய புஷ்ஷை என்ன செய்வீர்கள்?
— வாசகர், ஏர்வாடி

பதில்: பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஒன்று. என் பெஞ்ச் வைஸுக்கு அடியில் நான்கு. கீழக்கரைக்காரரின் காரிலிருந்து கழற்றிய அந்தக் கிழிந்த புஷ் மட்டும் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே எடுத்துக் காட்டுவேன். அவர்கள் சாமான் மோசம் என்றுதான் சொல்கிறார்கள்.